மெழுகில் இருந்த பாட்டு

அன்புள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அண்ணாவை மட்டும் திட்டாதே.

நீ வந்ததும் கணினியில் பதிவு செய்வதற்காக ஒலிக்கூடத்தில் வைத்திருந்த பாட்டு பதிந்த பழைய மெழுகு உருளையை நாங்கள் ஓடவிட்டோம். நூறு வருடத்துக்கு முன் பாடிய அந்தப் பெண்ணின் குரலை, அண்ணாவின் கீபோர்டில் கட்டைக்கு ஒரு சுரமாக ஏற்ற ஆசைப்பட்டோம்.

“முழுப் பாட்டையும் முதல்ல எடுத்துடலாம்ணா.”

“பாட்டு எங்கடி ஓடிப்போகுது? சுரத்தைப் பிடி.”

ஊசி உரச உரச மெழுகு தேயும் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் சுரம் சுத்தமாக வரட்டும் என்று, உருளை முழுக்கத் துண்டு துண்டாக ஓட்டித் தேடி, “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கேட்டவள் நான்தான். கடைசியில் முழுதாக ஓட்டியபோது வெறும் இரைச்சல் வந்தது. வேறு பிரதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அழுததைப் பார்த்து, சிரிக்க வைக்க அண்ணா ஒரு சோப்பு விளம்பரப் பாட்டை வாசித்தான். அந்தக் குரல் அதை அப்படியே பாடியது. இனி நாங்கள் எதை வாசித்தாலும் அவள் பாடுவாள், அம்மா. அவள் பாடிய பாட்டு எதுவென்றுதான் யாருக்கும் தெரியாது.

கீபோர்டை மூடி, விளக்குகளை அணைத்துவிட்டோம்.

உன் மகள்