கொடுவாவை ஏன் விட்டேன்

அன்புள்ள வாப்பாவுக்கு, ரேஷ்மாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மலேசியாவில் நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் ஷாமினி என்னைக் கிள்ளானில் ஒரு மீன்குளத்துக்கு அழைத்துப் போனாள். காசு கட்டித் தூண்டில் போடும் குளம். அவளுடைய அண்ணன் சுகுமாறன் ஒரு கொடுவாவைப் பிடித்து, முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். அதன் உதட்டில் பழைய முள் தழும்பும் இருந்தது.

"ஏண்ணே விட்டீங்க? கறி வைக்கலாம் லா," என்றாள் ஷாமினி.

"அடுத்த வாரமும் பிடிக்கணும்ல."

தின்னாமல் விடுவதற்கு ஒரு மீனை இழுக்கலாமா, வாப்பா? தின்றால் மட்டும் அதற்கு வலிக்காதா? மீன் வியாபாரம் செய்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் தூண்டிலிலும் ஒரு கொடுவா மாட்டியது. விட்டுவிட்டேன்.

"பாவம் பாத்தியா?" என்று ஷாமினி சிரித்தாள். ஆமாம் என்றேன். உண்மையில் அது நம் வீட்டுச் சட்டிக்கான மீன், வாப்பா. ஒருத்தி தின்று தீராது.

இதைக் கொண்டுவரும் நூர்ஜஹான் மாமி திரும்பும்போது மீன் மசாலாத்தூள் கொடுத்துவிடுங்கள். மாமி வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். எனக்கு ஆறு பேருக்குத்தான் குழம்பு வைக்கத் தெரியும்.

உங்கள் மகள்,
ரேஷ்மா