ரூட்டருக்கு மதிய ஓய்வு

ஜூன் 9, திங்கள்
எட்டு மணிக்கே வெயில். வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் சிக்கந்தர் பாயைப் பற்றி எழுதி அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறேன். முதல் வரி தயார்: 'படித்தவனை ஏமாற்றாதீர்.'

கருப்பனுக்குப் பதினான்கு வயது. நாய் டாக்டர் "பாத்துக்கங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஜெர்மனியில் கயல் வேலை முடிக்கும்போது இங்கே எல்லோரும் தூக்கம். "உங்கள எழுப்பாம அவனப் பாக்கணும்ப்பா. அம்புட்டுத்தான்." ஒரே மகள்.

கூடத்தில் கேமரா. பழைய முறையில் நெட்டில் தெருவுக்கே ஒரே முகவரி, வெளியிலிருந்து என் வீட்டுக்கு வழி இல்லை. ஐபிவி6 என்ற புது முறையில் கேமராவுக்கே தனி முகவரி. போட்டு ஒரு வாரம். தினமும் சாயங்காலத்துக்குள் முகவரி மாறிவிடுகிறது. கூடுதல் காசுக்கு மாறாத முகவரியை என் தலையில் கட்டப் பாய் செய்யும் வேலை.

ஜூன் 10, செவ்வாய்
இன்றைய முகவரி, முழ நீள எண். காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கயலுக்கு அனுப்பினேன். மதியம் வரை சரி. பிறகு இல்லை. கருப்பன் தயிர்சாதம் இரண்டு வாய். "இன்னைக்கும் தெரியலப்பா." போனில் கயல் குரல் சரியில்லை.

ஜூன் 11, புதன்
ஆரப்பாளையம், பாய் கடை. சண்டைக்கென்றே போனேன்.

"நான் ஏண்ணே மாத்துறேன்? ரூட்டர அணைச்சுப் போட்டா புது நம்பர் வரும். நீங்கதான் டெய்லி ரெண்டு மணிக்கு அணைக்கிறீங்க."

"நான் தொடவே இல்ல."

"உங்க வீடு மட்டுமாண்ணே? பில்டிங்ல பாதி வீடு அந்நேரம் அணையுது. கரண்ட் கட்டுன்னுல்ல நெனச்சேன்!"

வீட்டில் மனைவி செல்வியிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"நாந்தான். தொட்டா எம்புட்டுச் சூடு! கிரைண்டருக்கே ஓய்வு குடுக்கோம், இது ராப்பகலா ஓடுது. எதுத்த வீட்டு அக்காட்டயும் சொன்னேன், அவுக எல்லார்ட்டயும் சொல்லிட்டாக."

சூடு ஏறாமல் என்ன செய்யும்? தூசிக்கு உறை தைத்துப் போட்டிருக்கிறாள். பூப்போட்ட துணி, ஓரத்தில் லேஸ்.

வேலை பார்த்த பாலிடெக்னிக்கில் என்னைத் தாண்டித் துறைத்தலைவர் ஆனவன் முதல் எனக்குக் குறுக்கே வந்த எல்லோரையும் மனதில் குறித்து வைத்திருக்கிறேன். இவளை அந்தப் பட்டியலில் சேர்க்க முயன்றேன். முடியவில்லை. மிஷினுக்கும் மூச்சு இளைக்கும் என்று நினைப்பவள்.

ஜூன் 12, வியாழன்
லேசான தூறல். பால், கருப்பன் மாத்திரை, கேஸ் புக்கிங்.

கேமராவின் முகவரிக்கு ஒரு பெயர் வைத்துக் கயலுக்கு அனுப்பினேன். எண் மாறினால் பெயர் தானே புது எண்ணுக்குப் போய்விடும். இனி செல்வி எத்தனை முறை அணைத்தாலும் சரி. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு அணைத்தாள். மூன்றுக்குப் போட்டாள். பெயர் வேலை செய்தது.

ஜூன் 13, வெள்ளி
எழுந்ததும் கயலின் மெசேஜ்: "தூக்கத்துல காலை ஒதைக்கிறான்ப்பா. எதையோ தொரத்துறான். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மூன்று முறை படித்தேன். செல்விக்கு ஒருமுறை சத்தமாக.

திங்கள்கிழமை எழுதியதைக் கிழித்தாயிற்று. புதுத் தாள்: 'மதியம் நெட் நிற்பதற்குச் சிக்கந்தர் பாய் காரணமல்ல. ரூட்டருக்கு ஓய்வு தேவையில்லை. மேலே போட்ட உறையை எடுத்தால் போதும்.' சாயங்காலம் ஒட்டுவேன். கீழே பெயர் போடப்போவதில்லை. எங்கள் வீட்டு உறையை நான் எடுக்கவில்லை.