தோண்டாத வாம்பட்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? தாயை இழந்து நீ எடுத்து வளர்க்கும் வாம்பட் குட்டிகள் பால் குடிக்கின்றனவா? நான் நலம். இந்த ஹோபார்ட் நகரத்துக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் வேலை செய்யும் கார்ட்டூன் தொடருக்கு, வளை தோண்டி வாழும் ஒரு தாய் வாம்பட் வரைந்தேன். நிஜத்தில் உள்ளபடியே குட்டியைச் சுமக்கும் அதன் வயிற்றுப் பையைப் பின்பக்கம் திறந்தாற்போல் வைத்தேன். தயாரிப்பாளர் டேரில் முகம் சுளித்தான்.

"குட்டி மூஞ்சி தெரிய வேணாமா? கங்காரு மாதிரி முன்னாடி திருப்பு."

"தாய் வளை தோண்டுனா மண்ணெல்லாம் குட்டி வாய்க்குள்ள போகுமே?"

"அப்ப தோண்ட வேணாம். ஆட விடு."

இப்போது அது பையை முன்னால் வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆடுகிறது.

தாயின் பைக்குப் பதிலாக நீ குட்டிகளுக்குத் தைக்கும் கம்பளிப் பையில் பெரிதாக ஒன்று எனக்கும் அனுப்பு. சுருண்டு படுக்க வேண்டும்.

ஞாயிறு தொடர் வருகிறது. நீ பார், குட்டிகள் இருக்கும் அறையில் மட்டும் டிவியைப் போட்டுவிடாதே.

அவசரத்தில்,
உன் பெத்தானி