சமாதானம் சொல்ல எழுந்து போன மதினிக்கு

மதினி, பாசி காய்கிற வாடை வருகிறது. வரக் கூடாத மாதம் இது. கடல்பாசி எடுக்க யாரும் இறங்கக் கூடாது என்று நாமே கட்டுப்பாடு போட்ட காலம். ஜன்னலைச் சாத்தினேன், சாத்தினாலும் வருகிறது. மூன்று வீடு தள்ளி உங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். உங்கள் மகள் ஸ்டெல்லா மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. கல்லறைக்கு வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதுவிட்டுத் திரும்பத்தான் முடிகிறது. இன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. உங்களோடு உட்கார்ந்து ஒரு நல்ல சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாளை ஞாயிறு. பூசை முடிந்ததும் பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் ஃபாதரே கொடுத்துவிட்டார், ஆண்டவர் தம் விசுவாசிகளிடம் தேடும் குணங்கள் என்று. "நீங்க பேசுனா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார். காலையில் இருந்து தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபம், ஒறுத்தல், உண்மை, கீழ்ப்படிதல் என்று எழுதினேன். ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எழுதும்போது பின்னால் நீங்கள் நின்று சிரிக்கிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய் டீ போட்டேன். குடிக்காமல் கொட்டினேன். வாசலுக்குப் போனால் வாடை இன்னும் கூடுதலாக அடிக்கிறது. திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

உங்களிடம் இதில் எந்தக் குணம் இருந்தது, சொல்லுங்கள். முதல் பாட்டுக்கு ஒரு ஞாயிறாவது வந்திருக்கிறீர்களா? வாசகம் வாசிக்க நான் ஏறும்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைவீர்கள், தலையில் ஈரம் சொட்டும். பிரசங்கத்தில் தூங்குவீர்கள். தவக்காலம் முழுக்க நான் மீன் கவிச்சியே தொடாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து நண்டுக் காலை உடைத்துக்கொண்டு, "ஆண்டவருக்கு நண்டு மேல என்னத்தா கோவம்?" என்று கேட்பீர்கள். நான் முறைத்தால், "ஏத்தா, அவரு நம்மளப் பரிட்சைக்கா கூப்பிட்டிருக்காரு? சாப்பிடத்தான கூப்பிட்டிருக்காரு" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது. இத்தனை வருடம் ஒரு நாள் விடாமல் ஜெபமாலை சொன்னவள் நான். ஊர்ப் பெண்கள் இன்னும் பேசிக்கொள்வது உங்களைப் பற்றி.

அந்தக் கட்டுப்பாட்டை நாம் இரண்டு பேரும்தான் முதலில் பேசினோம், மறந்திருக்க மாட்டீர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவுப் பக்கம் முங்கி முங்கிப் பாறையைத் தடவினால் கைக்கு ஒன்றும் கிடைக்காத வருடம் அது. வளரவிடாமல் எடுத்தால் எங்கிருந்து வரும்? பாசி எடுக்கும் பெண்கள் எல்லாரும் கரையில் கூடினோம். இந்த மாதங்களில் இறங்குவதில்லை. மீறி இறங்கினால் அவளோடு யாரும் பேசுவதில்லை. அவளோடு பேசுகிறவளுக்கும் அதே கதிதான். மூடிய மாதங்கள் முடிந்து கடல் திறக்கிற அன்று எல்லார் முன்னும் வந்து நின்று "தப்புதான்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. எல்லாரும் கை தூக்கினோம். என்னைத் தலைவி ஆக்கினார்கள். போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை, பேசாமல் இருப்பது ஒன்றுதான் நம்மிடம் இருந்தது. அதனால்தான் பாசி மறுபடி வளர்ந்தது. இதை யாரும் மறுக்க முடியாது, நீங்களும் மறுத்ததில்லை.

அப்புறம் நம்மோடு பாசி எடுத்த லூர்து மாட்டினாள். மூடிய மாதத்தில் ஒரு மூட்டை பாசியோடு பார்த்துவிட்டார்கள். அந்த ஞாயிறு கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கோயிலுக்குள்ளும் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை, அதுவாக நடந்தது. சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்து எல்லாரும் கைகூப்பினோம். லூர்துவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நீங்கள் வரிசையைவிட்டு வெளியே வந்து பெஞ்சுகளின் நடுவழியில் நடந்து போனீர்கள். அவள் முன்னால் போய் நின்று கைகூப்பினீர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் மொத்தமும் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தீர்கள்.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டத்துல நீங்களும்தான மதினி கையத் தூக்குனீக?"

"தூக்குனேன். இப்பவும் அவகூட நான் பேசல. கும்பிடத்தான செஞ்சேன்."

"வெளையாடாதீக. ஒங்களால கட்டுப்பாடே போச்சு."

"பாசிக்குத்தான கட்டுப்பாடு போட்டோம். சமாதானத்துக்குமா போட்டோம்?"

"அவ மொகத்தத் திருப்பிக்கிட்டாள்ல, அசிங்கமா இல்லையா ஒங்களுக்கு?"

"இருந்துச்சு" என்றீர்கள். சிரிப்பே இல்லாமல் சொன்னீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரமும் இருக்கும்" என்றீர்கள்.

அடுத்த வாரமும் போனீர்கள், அதற்கடுத்த வாரமும். லூர்து ஒரு தடவைகூடக் கைகூப்பவில்லை. கடல் திறந்த அன்று அவள் கரைக்கு வரவும் இல்லை. மகனோடு உச்சிப்புளிக்கே குடி போய்விட்டாள். பார்த்தீர்களா, என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டேன். நீங்கள் மீன் அறுத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு லூர்து வந்தாள் மதினி. உங்கள் கால்மாட்டில் வெகுநேரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவாள் என்று நினைத்தேன், நேரே என்னிடம்தான் வந்தாள். "ஒங்க மதினி வந்து கும்பிட்டு நிக்கையில எல்லாம் எனக்கு எரிச்சலாத்தான் வரும். காச்சல்னு அவுக ஒரு ஞாயித்துக்கெழம வரல பாருங்க, அன்னைக்குத்தான் பெஞ்சுல உக்காந்து அழுதேன்" என்றாள். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். அந்தச் சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் மகள். மாப்பிள்ளை போட்டில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். வீட்டில் கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இல்லை என்றா சொல்லியிருப்பேன்? கேட்க மாட்டாள், உங்கள் ரத்தம். அரிசி கொடுத்துவிட்டேன், மூட்டை அவிழாமல் திரும்பி வந்தது. மறுவாரம் தனியாகக் கடலுக்கு இறங்கினாள். அண்ணன் மகள் என்று நான் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் திருப்புல்லாணிப் பக்கத்துப் பெண்கள்கூடப் போன் போட்டுக் கேட்கிறார்கள், "ஒங்க ஊருல கட்டுப்பாடெல்லாம் மத்தவுகளுக்கு மட்டுந்தானாக்கும்?" என்று. பாசிக்காரப் பெண்கள் கூட்டத்தில் நானே எழுந்து அவள் பெயரைச் சொன்னேன், அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது. நான் சொன்னது தப்பா? சொல்லுங்கள் மதினி. லூர்துவுக்கு ஒரு நியாயம், என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

அண்ணன் கடலோடு போய்விட்டார். என் வீட்டுக்காரரும் இல்லை. பிள்ளை எனக்கு இல்லவே இல்லை. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். சின்னதில் பாதி நாள் என் வீட்டில்தான் தூங்குவாள், "அத்தை, அத்தை" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். இப்போது குழாயடியில் எதிரே வந்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறாள். நானும் குடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன். நேர்மையாக இரு என்கிறார் ஆண்டவர். அதே மூச்சில் இரக்கமாகவும் இரு என்கிறார். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அவரோடும் எனக்குச் சண்டைதான்.

இதை நேற்று இத்தோடு வைத்துவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பூசையில் வாசகம் நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தால் நேரே கடைசிப் பெஞ்சில் ஸ்டெல்லா. தனியாக. சுவரோரமாக. உங்களைப் போலவே ஈரத் தலையோடு வந்திருந்தாள். பிரசங்கத்தில் ஃபாதர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி கும்பிட்டாள், அந்தப் பக்கம் ஒருத்தி கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். உட்கார்ந்துவிடலாம், அவ்வளவுதான் வேலை. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, நடுவழிக்கு வந்துவிட்டேன். ஐயோ மதினி, அந்த வழி எவ்வளவு நீளம்! நீங்கள் நடந்தபோது கண் மூடித் திறப்பதற்குள் போன மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் தலைகள் திரும்புகின்றன. இவ்வளவு வெட்கத்தை வைத்துக்கொண்டா நீங்கள் ஒவ்வொரு வாரமும் போனீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அவள் முன்னால் போய் நின்று கைகூப்பினேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, கையையும் கூப்பவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இது ஆண்டவருக்கா, ஊரு பாக்கவா?"

பதில் சொன்னால் பேசியதாகிவிடும், நான் தலைவி. அதைக்கூட அப்போது நினைக்கவில்லை, உண்மையிலேயே பதில் தெரியவில்லை. கூப்பிய கையோடு நின்றேன். பாட்டு எடுத்துவிட்டார்கள். திரும்பி என் இடத்துக்கு வந்தேன். எல்லாரோடும் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கினேன்.

பூசை முடிந்து பெண்கள் கூட்டம். ஸ்டெல்லா போய்விட்டாள். ஃபாதர் மைக்கைக் கொடுத்தார். எழுதிய தாளை விரித்தேன், ஒரு வரியும் வாசிக்கத் தோன்றவில்லை, மடித்துவிட்டேன். "ஆண்டவர் நம்மகிட்ட ஜெபம் கேக்குறாரு, அது எனக்கு வரும். நோன்பு கேக்குறாரு, அதுவும் வரும். எந்திரிச்சுப் போங்கிறாரு பாருங்க, அதுதான் வரமாட்டேங்குது" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்ததும் பாசிக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"கட்டுப்பாட்ட எடுத்தாச்சாக்கா?"

"எடுக்கல."

"அப்பறம் எதுக்கு அங்கன போனீக?"

வீட்டைப் பார்த்து நடந்து வந்துவிட்டேன். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே.

வந்ததில் இருந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உங்களிடம் சண்டை போடத்தான் தொடங்கினேன், அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நீங்கள் எனக்கென்று விட்டுப் போனது நகையோ சேலையோ இல்லை, அந்த நடைதான். கனமாக இருக்கிறது மதினி. இறக்கி வைக்கவும் மனசில்லை.

அவள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. ஆண்டவருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. "நீ என்னைய அத்தைன்னு கூப்பிட்டு எத்தன நாளாச்சுத்தா, என்னால முடியல" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து சொல்லத்தான் போகிறேன், அடுத்த ஞாயிறு, அதே இடத்தில், எல்லாரும் பார்க்க. சொல்லிவிட்டால் கட்டுப்பாட்டை நானே மீறியவள் ஆகிவிடுவேன். கடல் திறக்கிற வரைக்கும் என்னோடும் எவளும் பேச மாட்டாள், என் பக்கத்திலும் யாரும் உட்கார மாட்டார்கள். அதுதான் சரி, நான் போட்ட கட்டுப்பாடுதானே. அந்தக் கடைசிப் பெஞ்சில் இடம் நிறையக் கிடக்கிறது மதினி. நானும் உங்கள் மகளும் உட்கார்ந்துகொள்கிறோம்.