ரோபோவுக்கும் வெயில் ஆகாது

மச்சான்,

மிளகாய் கட்டச் சாக்கு வாங்க ஆர்.எஸ்.மங்கலம் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கிறது. மத்தியானம் வியாபாரி மிளகாய் பார்க்க வருவார். அதற்குள் இருளம்மாள் அக்கா வீட்டுக் கோழிகள் மொட்டைமாடிக்கு வந்து, காய்கிற மிளகாயைக் கிளறிவிடப் போகின்றன.

நேற்று கோழி விரட்டுகிற உங்கள் ரோபோ மிளகாய்க்கு நடுவிலேயே நின்றுபோனதும், "போனுக்குப் போட்டுப் போட்டு நீதான் பவர்பேங்கத் தீத்துட்ட" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினீர்கள். நான் அதைத் தொடவே இல்லை. பொழுது சாய்ந்து ஆறிய பிறகு பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், மூன்று விளக்கும் எரிந்தன. சார்ஜ் தீரவில்லை மச்சான், சூட்டில் அணைந்திருக்கிறது. மிளகாயே சருகாகிற வெயிலில் அந்தக் கறுப்புப் பவர்பேங்கை ரோபோ முதுகில் கட்டி விட்டால், உள்ளே இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்குக் கரண்டு எங்கிருந்து வரும்?

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. வந்து பேசிக்கொள்கிறேன்.

மாடிக் கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது. பவர்பேங்கில் சார்ஜ் ஏற்றிவிட்டேன்.

லட்சுமி

மறந்துவிட்டேன். மாடிப்படியில் பனையோலைத் தொப்பி இரண்டு முடைந்து வைத்திருக்கிறேன். சின்னது ரோபோவுக்கு, கேமரா மறையாமல் மாட்டுங்கள். பெரியது, நேற்றெல்லாம் அதன் பின்னாலேயே வெறுந்தலையோடு நடந்தவருக்கு.