உப்பில்லாத மேசை

காரியாக்கூ தீவு, கரீபியக் கடல்,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

இன்று நம் வீட்டில் முன்னோர் விருந்து. முற்றத்தில் மேளம் அதிர அதிர, கடலே வேலிக்குள் வந்து அசைவதுபோல் இருந்தது. சோளக்களியை உருண்டைகளாகப் பிடித்தபடி ஏதோ கனவுக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

இறந்தவர்களுக்கான மேசையில், வழக்கப்படி உப்பில்லாமல் சமைத்ததைப் பரப்பும்போது உங்கள் தங்கை இஸ்மே மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, அண்ணன் போன படகு திரும்பாம மூணு வருஷமாச்சு. அண்ணனுக்கும் இங்க ஒரு தட்டு வைக்கலாமா?"

"உப்பில்லாம உங்கண்ணன் ஒரு வாய் சாப்பிடுவாராடி?" என்றேன்.

உங்கள் தட்டை நாங்கள் சாப்பிடும் மேசையில், என் பக்கத்தில் வைத்தேன். உப்புப் போட்ட மீனைப் பரிமாறினேன். இஸ்மே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டிலிருந்த மீன்தலையை எடுத்து உங்கள் தட்டில் வைத்தாள்.

"அண்ணனுக்குத் தலைதான பிடிக்கும்" என்றாள்.

உங்கள் மனைவி