சாயக்காரர் சந்தில் இருப்பது கோயில் அல்ல

அனுப்புநர்
பா. அமிர்தவல்லி,
க/பெ. பாவாடை (மில் தொழிலாளி, ஓய்வு),
சாயக்காரர் சந்து, நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
சாலையோர ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: சாயக்காரர் சந்து முனையில் உள்ள மார்கிரீத் அம்மாளின் கல்லறையை அனுமதியற்ற கோயில் என்று கருதி வரும் திங்கட்கிழமை இடிக்க இருப்பதை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் பெரிய மார்க்கெட்டில் வாழையிலைக் கடை வைத்திருப்பவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். நேற்று முன்தினம் தங்கள் ஊழியர்கள் வந்து எங்கள் சந்து முனையில் உள்ள தகரக் கொட்டகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மழைநீர் வாய்க்காலுக்கு இடைஞ்சலாக இருக்கும் ‘வெள்ளையம்மன் கோயில்’ திங்கட்கிழமை காலை அகற்றப்படும் என்று அதில் உள்ளது. படித்ததிலிருந்து வாடிக்கைக்காரர் பத்து இலை கேட்டால் கை எட்டிலேயே நின்றுவிடுகிறது.

2. ஐயா, அது கோயில் அல்ல. உள்ளே இருப்பது அம்மனும் அல்ல. அது ஒரு பெண்ணைப் புதைத்த இடம். அது எப்படிக் கோயில் ஆனது என்பதைத் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

3. அந்தப் பெண்ணின் பெயர் மார்கிரீத். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்து கோட்டை கட்டிய காலத்தில், கோட்டையில் பீப்பாய் செய்துகொண்டிருந்த புருஷனோடு கப்பலில் வந்தவர். காகித ஆதாரம் என்னிடம் இல்லை. என் மாமியார் சின்னப்பாப்பா சொன்னதையும், அவருக்கு அவர் மாமியார் சொன்னதையும்தான் எழுதுகிறேன். வரும் வழியிலேயே முதல் பிள்ளை இறந்துபோக, கடலில் போட்டுவிட்டார்கள். இங்கே பிறந்த இரண்டையும் காய்ச்சல் கொண்டுபோனது. பிறகு புருஷனும் போனார். ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஏறச் சொன்னபோது, “என் பிள்ளை கிடக்கிற தண்ணி மேலயே நான் எப்பிடிப் போவேன்?” என்று கேட்டாராம். போகவே இல்லை.

4. கையில் காசில்லாததால் சாயம் தோய்ப்பவர்கள் இருந்த எங்கள் சந்தில் வந்து குடியேறி, கோட்டைக்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். கூழ் குடிக்கக் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் அவரை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களும் வீட்டுப் படி ஏற விடவில்லை. அவரிடம் விலைக்கு வாங்கிய அடிமைப் பெண் ஒருத்தி இருந்தாள் என்பதையும் மறைக்க மாட்டேன். நல்லவர் என்று காட்டுவதற்காக அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

5. அந்த அடிமைப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது மருத்துவச்சி இந்த அம்மாளை உள்ளே விடவில்லை. மூன்று பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டாளாம். சொந்த வீட்டில், சொந்தக் கதவுக்கு வெளியே, ஒரு செம்புத் தண்ணீரோடு வெறுந்தரையில் உட்கார்ந்த அம்மாள், உள்ளே பிள்ளை அழுத பிறகுதான் எழுந்தார். அதற்குப் பிறகு சந்தில் யாருக்கு வலி வந்தாலும் அவர்கள் வீட்டு வாசலில் போய் அப்படியே உட்காருவாராம். எங்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளையின் வழி வந்தவர்கள் என்பார்கள்.

6. அவர் இறந்ததும் எங்கள் சந்து முனையிலேயே புதைத்துக் கல் நட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை என்று ஒரு பேச்சு, அவரே இங்கே கேட்டார் என்று ஒரு பேச்சு. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். மகளுக்கு வலி எடுத்தால் தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மாமியாரோ அக்காவோ கூடப் போவார்கள். தாய் ஒரு செம்புத் தண்ணீரோடு அந்தக் கல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை அழுதது என்று செய்தி வந்ததும் தண்ணீரைக் கல்லில் ஊற்றிவிட்டு எழுந்திருப்பாள். பூசை, மந்திரம் எதுவும் கிடையாது. நமக்காக உட்கார்ந்தவளோடு நாமும் உட்காருகிறோம், அவ்வளவுதான்.

7. இனி எழுதப்போவதை ஓர் ஆண் அலுவலருக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லை. 2022 நவம்பர் மழையில் என் மகள் கார்குழலிக்கு வலி வந்தது. சந்து முனையில் இடுப்பளவு தண்ணீர். செம்போடு இறங்கிய என்னை அக்கம்பக்கத்தார் இழுத்து மேலே போட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. பிள்ளை அழவும் இல்லை. கொடி சுற்றிவிட்டது, நீ உட்காராததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் புத்திக்கு அது புரிகிறது. என் வயிறு கேட்கவில்லையே ஐயா, நான் என்ன செய்ய?

8. இன்னொரு தாய்க்கு இப்படி ஆகக்கூடாது என்று எங்கள் சந்துப் பையன் செம்மலும் கூட்டாளிகளும் சேர்ந்து கல்லை ஒட்டித் தாய் உட்கார மேடை எழுப்பித் தகரம் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். தகரம் போட்டதும் சூலம் நட்டார்கள், உண்டியல் வந்தது, கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, சேலை சுற்றி, ‘வெள்ளையம்மன்’ என்று போர்டும் மாட்டினார்கள். அழகாக இருக்கிறதே என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தங்கள் ஊழியர்கள் மேல் குறையே இல்லை. யார் பார்த்தாலும் கோயில் என்றுதான் எழுதுவார்கள். “கோயிலுன்னு மேல எழுதிப் போயிடுச்சிம்மா, இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல” என்று ஒருவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

9. ஆகவே நேற்று நாங்களே தின்னர் வாங்கி வந்து எங்கள் சாமியைத் துடைத்தோம். மஞ்சள் வழிந்து ஓடியபோது எதிர்வீட்டு அன்னக்கிளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பெயிண்டுக்கு அடியில் இருந்த பழைய பிரெஞ்சு எழுத்து மறுபடி தெரிந்தது. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா இராமதாஸ் அண்ணனைக் கூட்டி வந்தோம். வருடம் தேய்ந்துவிட்டது, பெயர் மார்கிரீத்தான் என்றார். போட்டோ இணைத்துள்ளேன்.

10. மனு எழுதிக் கொடுப்பவரிடமும் போனேன். “பக்தர்கள் மனசு புண்படுதுன்னு போடும்மா, அதுக்குத்தான் பயப்படுவாங்க” என்றார். எழுந்து வந்துவிட்டேன். அம்மன் என்று சொன்னால் அவளைத் தூக்கிவிடுவீர்கள். மனுஷி என்று சொன்னால் விடுவீர்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லியே கேட்கிறேன்.

11. கொட்டகை, மேடை, சூலம், உண்டியல், போர்டு எல்லாவற்றையும் ஞாயிறு மாலைக்குள் நாங்களே எடுத்துவிடுகிறோம். மேடை போனால் வாய்க்காலுக்கு இடம் போதும் என்று என் கண்ணுக்குப் படுகிறது. போதாவிட்டால் வாய்க்காலைக் கொஞ்சம் வளைத்துக் கட்டித் தர வேண்டுகிறேன். இடிக்கும் முன் தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். கல்லைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றலாமே என்று ஊழியர் ஒருவர் சொன்னார். வலி எடுத்த நேரத்தில் பூட்டிய கேட்டைத் திறக்கச் சொல்லி நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

12. கார்குழலிக்கு மறுபடி இது நிறைமாதம். இந்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். புருஷன் வீட்டிலிருந்து தினமும் போனில், “ம்மா, கல்லு இருக்குல்ல?” என்று கேட்கிறாள். “இருக்குடி” என்கிறேன். அறிவிப்பைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு என்ன சொல்வேன்?

13. வலி முன்னேயும் வரலாம், பின்னேயும் வரலாம். எப்போது வந்தாலும் நான் செம்போடு அங்கேதான் போவேன். அங்கே கல் இல்லையென்றால் தாங்கள் தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் உட்காருவேன். ஊழியர்கள் என்னையும் ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொள்ளட்டும். பிள்ளை அழுதது என்று செய்தி வந்ததும் நானே எழுந்து போய்விடுவேன்.

தங்கள் பதிலுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்,

(கையொப்பம்)
பா. அமிர்தவல்லி

இடம்: புதுச்சேரி
நாள்: 19.09.2024

இணைப்பு: பெயிண்ட் துடைத்த பின் எடுத்த போட்டோ, சந்துப் பெண்களின் கையொப்பங்கள்.